வாளா, வாக்குச் சீட்டா?

(மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன் எழுதுவது)



நம் விடுதியில் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும் பட்டிமன்றங்களுக்கு நடுவரும் கிடையாது, தீர்ப்பும் கிடையாது. கிரிக்கெட்டில் ஆரம்பித்து, சினிமாவில் புகுந்து, கடைசியில் அரசியலில் வந்து நிற்கும். அப்படி அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. 'இந்த நாட்டோட தலையெழுத்தையே மாத்தின சம்பவம் எது?' மெக்கானிக்கல் நண்பர் 1857 சிப்பாய்ப் புரட்சி என்பார். எலக்ட்ரிக்கல் நண்பர் 1991 பொருளாதார மாற்றம் என்று அடித்துச் சொல்வார். 1975 எமர்ஜென்சி என்பார் ஒருவர், 1967 என்பார் இன்னொருவர். 'என்னப்பா இது, 1947 ஆகஸ்ட் 15-ஐயே மறந்துட்டீங்களா?' என்று ஒருவர் எல்லோரையும் அதட்டுவார்.

ஆளுக்கொரு ஆண்டு! எல்லாமே பெரிய ஆண்டுகள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் எது பெரிது என்று தீர்மானிக்க ஒரு அளவுகோல் வேண்டாமா? அளவுகோல் இல்லாமல் அளந்தால் அது சர்வே ஆகுமா? இந்த ஆண்டு மலரில் என் கருத்தை எழுத வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. ஒத்துக்கொள்வதும் மறுப்பதும் உங்கள் உரிமை.

தூக்குக் குண்டு தத்துவம்

சுவர் நேராக இருக்கிறதா என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது. கொத்தனார் என்ன செய்கிறார்? தூக்குக் குண்டைக் கீழே இறக்கிப் பார்க்கிறார். சரித்திரத்துக்கும் அதே வழிதான் என்பது என் கட்சி. டெல்லியில் என்ன நடந்தது, சென்னையில் யார் கோட்டையைப் பிடித்தார்கள் என்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தால் போதாது. ஒரு சம்பவத்தால் கடைசி ஊரில், கடைசி வீட்டில் இருக்கிற மனுஷனுக்கு என்ன மாறியது என்று பார்க்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த கடைசி ஊர், எங்க ஊர்தான். சேர்வராயன் மலையில், ஏற்காட்டிலிருந்து இன்னும் உள்ளே போக வேண்டும். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற உங்களுக்கு ஏரி தெரியும், படகுச் சவாரி தெரியும், லேடீஸ் சீட் தெரியும், பகோடா பாயிண்ட் தெரியும். அதற்கும் பின்னால் சாமையும் கேழ்வரகும் விதைக்கிற, மிளகும் காப்பியும் பறிக்கிற ஊர்கள் இருக்கின்றன. அங்கே இருப்பவர்கள் மலையாளிகள். 'அப்ப நீ கேரளாவா?' என்று முதலாம் ஆண்டில் என்னைக் கேட்காத ஆளே கிடையாது! கேரளா இல்லை நண்பர்களே. மலையை ஆள்கிறவன் மலையாளி என்று எங்க பெரியவர்கள் சொல்வார்கள். பேசுவது தமிழ். எங்க முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலை ஏறியவர்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய சமூகம் எங்களுடையதுதான்.

இந்த மலையிலிருந்து தூக்குக் குண்டை இறக்குகிறேன். வாருங்கள், பார்ப்போம்.

முதலில் அளந்தார்கள்

மெக்கானிக்கல் நண்பரின் 1857-ஐ எடுத்துக்கொள்வோம். வடக்கே ரத்தம் ஆறாக ஓடியது. அடுத்த ஆண்டே கம்பெனி ஆட்சி போய் ராணி ஆட்சி வந்தது. எங்க மலைக்கு? அதே கலெக்டர், அதே வரி. நாற்காலி மாறவில்லை, நாற்காலிக்குப் பின்னால் மாட்டிய படம்தான் மாறியது.

எங்களுக்கு அதைவிடப் பெரிய ஆண்டு 1792. மூன்றாம் மைசூர்ப் போரில் தோற்ற திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஒப்பந்தம் போட்டார். ராஜ்யத்தில் பாதியை விட்டுக் கொடுத்தார். 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு, தம் பிள்ளைகள் இருவரைப் பிணையாக அனுப்பினார். அந்தப் பாதி ராஜ்யத்தில் பாராமகாலும் சேலமும் கம்பெனி கைக்கு வந்தன. நிர்வாகம் பண்ண வந்தவர் கேப்டன் அலெக்ஸாண்டர் ரீடு. அவருக்கு உதவியாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ.

இவர்கள் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? நம்ம சிவில் பாடம்தான்! நிலத்தை அளந்தார்கள். வயல் வயலாகக் கணக்கெழுதி, இன்னார் இவ்வளவு வரி கட்டணும் என்று விவசாயியிடமே நேராகத் தீர்மானம் பண்ணினார்கள். ரயத்துவாரி முறை என்று பள்ளிக்கூடத்தில் ரெண்டு மார்க் கேள்விக்குப் படித்தோமே, அது பிறந்தது நம் சேலம் சீமையில்தான். பின்னாளில் 1820 முதல் 1827 வரை மன்றோ சென்னை மாகாண கவர்னராக இருந்தபோது அந்த முறை மாகாணம் முழுக்கப் பரவியது. இன்றைக்கும் பட்டா, சிட்டா என்று அலைகிறோமே, அதன் வேர் அங்கே இருக்கிறது.

அடுத்தது காப்பி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிச் செடியைக் கொண்டுவந்து வைத்தார். ஆரஞ்சு, பேரிக்காய் எல்லாம் கூடவே வந்தன. காப்பி நல்ல பயிர்தான், நானும் குடிக்கிறேன்! ஆனால் காப்பியோடு எஸ்டேட் வந்தது. எஸ்டேட்டோடு வேலி வந்தது. புனம் வெட்டிச் சாமை விதைத்த மலையில் 'இது யாருடைய நிலம்?' என்ற கேள்வி வந்தது. பதில் சொல்லக் கையில் காகிதம் வேண்டும். மலைக்காரனிடம் காகிதம் ஏது?

மூன்றாவது, 1882 சென்னை வனச் சட்டம். ஒதுக்கப்பட்ட காடு என்று அறிவித்துவிட்டால் அனுமதியில்லாமல் உள்ளே மாடு மேய்க்கக் கூடாது, மரம் வெட்டக் கூடாது, காட்டைத் திருத்தி விதைக்கக் கூடாது. பாட்டன் பூட்டன் காலத்தில் உணவு தந்த காடு ஒரே அறிவிப்பில் குற்றம் செய்யும் இடமாகிவிட்டது.

1792, 1820-கள், 1882 ஆகிய மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். பீரங்கி முழங்கியது ஸ்ரீரங்கப்பட்டணத்தில். ஆனால் எங்க மலையை மாற்றியது பீரங்கி இல்லை, காகிதம். ஒப்பந்தம், பட்டா, அரசாணை. அந்தக் காகிதங்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. எங்களை அளந்தார்கள், எண்ணினார்கள், எழுதினார்கள். எங்களைக் கேட்கவில்லை!

மலையடிவாரத்தில் எழுதிய சரித்திரம்

இனி நம்ம சேலத்துக்கு இறங்கி வருவோம். பொறுங்கள், பெருமைப்பட வேண்டிய விஷயம் நிறைய இருக்கிறது. 1917-ல் சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமர் ஆனார். அன்றைக்கு முதலமைச்சருக்குப் பெயர் பிரதமர். அவர் மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது எந்த மாவட்டத்தில்? சேலம் மாவட்டத்தில், 1937 அக்டோபர் 1-ஆம் தேதி. கள்ளுக்கடை வருமானம் போனதால் கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க 1939-ல் விற்பனை வரிச் சட்டம் வந்தது. இந்தியாவுக்கே அதில் சென்னை மாகாணம் முன்னோடி. இன்று கடையில் சோப்பு வாங்கினாலும் வரி கட்டுகிறோமே, அந்தக் கதையில் சேலத்துக்கும் ஒரு பக்கம் உண்டு.

1944 ஆகஸ்டில் இதே சேலத்தில் கூடிய மாநாட்டில்தான் நீதிக் கட்சி, திராவிடர் கழகமாகப் பெயர் மாறியது. மேடையும் பட்டமும் பதவியுமாக இருந்த ஒரு கட்சியைத் தெருவுக்கு இறக்கிய மாநாடு அது. அதிலிருந்து பிரிந்து 1949-ல் தி.மு.க. பிறந்தது. அதற்குப் பிறகு நடந்த தமிழ்நாட்டு அரசியலை நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் எங்க மலையின் காலடியில் நடந்தது. மேலே ஏறி நின்று பார்த்தால் சேலத்து விளக்குகள் தெரியும். ஆனால் அந்தக் காலத்தில் இந்த முடிவுகளை எடுத்த சட்டசபைக்கு யார் ஓட்டுப் போட்டார்கள்? சொத்து இருப்பவர், வரி கட்டுபவர், படித்தவர். 1937-லும் சரி, 1946-லும் சரி, நாட்டில் வயது வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டே கிடையாது. சாமை விதைக்கிறவனுக்கு என்ன சொத்து, என்ன பட்டம்? முடிவு நல்லதா கெட்டதா என்பது வேறு விஷயம். அந்த முடிவில் அவனுக்குப் பங்கு இல்லை என்பதுதான் விஷயம்.

1947-க்கு வருவோம். அந்த நாளுக்கு நான் தலை வணங்குகிறேன். அது இல்லாவிட்டால் பின்னால் வந்த எதுவும் இல்லை. ஆனால் உண்மையைச் சொல்வதானால், 1947 ஆகஸ்ட் 15 காலையில் கொடி மாறியது, ஓட்டர் லிஸ்ட் மாறவில்லை. வன எல்லைக் கல் நட்ட இடத்திலேயேதான் இருந்தது.

பிறகுதான் கேட்டார்கள்

எனவே என் கட்சி இதுதான். இந்த நாட்டின் அரசியலையும் சமுதாயத்தையும் அதிகமாக மாற்றிய சம்பவம், 1950 ஜனவரி 26-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டமும், அதை நம்பி 1951 அக்டோபர் முதல் 1952 பிப்ரவரி வரை நடந்த முதல் பொதுத் தேர்தலும்தான். ரெண்டையும் ஒன்றாகவே சேர்த்துச் சொல்கிறேன். ஒன்று வாக்குறுதி, மற்றொன்று அதை நிறைவேற்றிக் காட்டியது.

யோசித்துப் பாருங்கள்! 1951 கணக்கெடுப்பின்படி எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். அந்த நாட்டில் 21 வயதான ஒவ்வொருவருக்கும் ஓட்டு என்றார்கள். சொத்து வேண்டாம், படிப்பு வேண்டாம், ஆணா பெண்ணா என்று கேட்கவில்லை. பட்டியலில் ஏறியவர்கள் ஏறத்தாழ 17 கோடியே 30 லட்சம் பேர். எழுத்துத் தெரியாதவர்கள் எப்படி ஓட்டுப் போடுவார்கள்? ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி, பெட்டி மேல் சின்னம். பிடித்த சின்னத்துப் பெட்டியில் சீட்டைப் போட்டுவிட வேண்டியது. எவ்வளவு எளிய இன்ஜினியரிங்! இதை முன்னின்று நடத்தியவர் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்.

இதில் இன்னொரு விஷயம். பட்டியல் எழுதப் போனபோது வடமாநிலங்களில் பல பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னார் மனைவி, இன்னார் தாய் என்று மட்டும் சொன்னார்கள். சொந்தப் பெயர் இல்லாமல் பட்டியலில் ஏற்ற முடியாது என்று தேர்தல் ஆணையம் உறுதியாக நின்றது. ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. கேட்கக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அதன் பொருள் என்ன? 'உன் புருஷன் பேர் வேண்டாம் தாயி, உன் பேரைச் சொல்லு' என்று அரசாங்கமே ஒரு பெண்ணைக் கேட்டது! எங்க ஊரில் எங்க ஆயாவை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் பேர் முழுசாக அச்சில் இருப்பது பூத் சிலிப்பில்தான்.

எங்க தாத்தா முதன்முதலாக ஓட்டுப் போட்டது 1967-ல். அந்தத் தேர்தலைப் பற்றிக் கேட்டால் அவர் கட்சியைப் பற்றிப் பேச மாட்டார். 'ஊர்க்கவுண்டருக்கும் ஒரு சீட்டுதான் குடுத்தாங்க, எனக்கும் ஒரு சீட்டுதான் குடுத்தாங்கடா' என்பார். சமத்துவம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எந்தப் புத்தகத்திலாவது இருக்கிறதா?

அந்தச் சீட்டு சும்மா இருக்கவில்லை. 1952-லேயே வேலையைக் காட்டியது. சுதந்திரம் வாங்கித் தந்த காங்கிரஸ் கட்சிக்குச் சென்னை மாகாணத்தில் 375 இடங்களில் 152 தான் கிடைத்தது. தனிப் பெரும்பான்மை இல்லை. 1953-ல் ராஜாஜி அரசு கொண்டுவந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தில் அரை நாள் பள்ளிக்கூடம், மீதி அரை நாள் அப்பன் தொழில் என்றார்கள். குலக் கல்வித் திட்டம் என்று பெயர் வைத்து எதிர்ப்பு கிளம்பியது. 1954-ல் ராஜாஜி விலக, காமராஜர் வந்தார். திட்டம் கைவிடப்பட்டது. 1956-ல் பள்ளிக்கூடத்தில் மதிய உணவு வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். ஓட்டு இல்லாதவன் பிள்ளை படித்தாலென்ன, சாப்பிட்டாலென்ன என்று இருந்த நாட்டில், பள்ளிக்கூடமும் சோறும் தேர்தல் பேச்சாக மாறியது எதனால்? அப்பனுக்கும் அம்மாவுக்கும் ஓட்டு இருந்ததால்!

1967-ல் அதே காமராஜரை விருதுநகரில் தோற்கடித்தவர் யார்? பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். பெருந்தலைவர் தோற்றது சரியா தப்பா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒரு மாணவர் தலைவரிடம் ஒரு பெருந்தலைவர் தோற்க முடியும் என்பதே பெரிய சரித்திரம் என்கிறேன். அது வாளால் நடக்கவில்லை.

இரண்டாவது பட்டியல்

வாக்காளர் பட்டியலோடு இன்னொரு பட்டியலும் 1950-ல் பிறந்தது. அது அந்த ஆண்டு செப்டம்பரில் குடியரசுத் தலைவர் வெளியிட்ட பழங்குடியினர் பட்டியல். நான் இந்தப் பாலிடெக்னிக்கில் உட்கார்ந்து இதை எழுதுவதற்கு அந்தப் பட்டியலும் ஒரு காரணம் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அந்தப் பட்டியலுக்குப் பின்னாலும் போராட்டம் உண்டு. அரசியல் நிர்ணய சபையில் பழங்குடிகளுக்காக ஓங்கிக் குரல் கொடுத்தவர் ஜெய்பால் சிங் முண்டா. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய ஹாக்கி அணியின் கேப்டன்! பழங்குடிகளுக்கு நீங்கள் ஜனநாயகம் கற்றுத் தர வேண்டாம், அதை அவர்களிடம் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற பொருளில் அவர் சபையிலேயே பேசினார். ஊர்க்கூட்டம் போட்டு, எல்லோரும் பேசி, முடிவெடுத்துப் பழகிய எங்க பெரியவர்களுக்கு அவர் சொன்னது உடனே புரியும்.

நம் எல்லோருக்கும் நேரடியாகச் சம்பந்தப்பட்ட வழக்கு ஒன்றும் உண்டு. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி இட ஒதுக்கீட்டு ஆணையை எதிர்த்து செண்பகம் துரைராஜன் மருத்துவக் கல்லூரி இடத்துக்காகவும், சி.ஆர். சீனிவாசன் பொறியியல் கல்லூரி இடத்துக்காகவும் வழக்குப் போட்டார்கள். 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. தமிழ்நாடே கொதித்தது. இரண்டே மாதத்தில், 1951 ஜூனில், அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. பிற்பட்டோர், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் முன்னேற்றத்துக்கு அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்று எழுதினார்கள். ஒரு இன்ஜினியரிங் சீட்டுக்காகத் தொடங்கிய வழக்கு நாட்டின் அரசியல் சட்டத்தையே திருத்த வைத்தது. நம் வகுப்பறையில் எந்த பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது வரைக்கும் அந்தத் திருத்தம் வந்து நிற்கிறது.

பட்டியலில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். மலையாளி என்ற பெயர் இன்றுள்ள பட்டியலில் தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சி என்று பழைய மாவட்டப் பெயர்களோடு இருக்கிறது. கோயம்புத்தூர் அதில் இல்லை. அதனால் என்ன ஆயிற்று? 1979-ல் கோவையிலிருந்து பிரிந்த ஈரோடு மாவட்டத்தில், அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் இருக்கும் எங்க ஜனங்களுக்குப் பழங்குடிச் சான்று இல்லாமல் போனது. அதே பேச்சு, அதே சாமி, பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற உறவு. நடுவில் ஒரு மாவட்டக் கோடு! அந்தக் கோட்டை எதிர்த்து அவர்கள் எத்தனையோ ஆண்டுகளாக மனுக் கொடுத்துப் போராடி வந்திருக்கிறார்கள்.

சான்று கிடைக்கிற மாவட்டத்திலும் அலைச்சல் இருக்கிறது. நான் இங்கே சேருவதற்கு முன் என் சான்றுக்காக எங்க அப்பா ஒரு அலுவலகத்துக்கு ஆறு முறை நடந்தார். ஊர், பேர் வேண்டாம். 'இன்னைக்கு ஆளில்ல', 'அடுத்த வாரம் வாங்க', 'இந்தக் காகிதம் பத்தாது'. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு போச்சு. ஆறாவது முறை அப்பா சொன்னது எனக்கு மறக்கவில்லை. 'நாம யாருன்னு நமக்குத் தெரியும். அதை அவங்க எழுதித் தர்றதுக்குத்தான்டா இவ்வளவு நடை.' பட்டியல் போட்டால் மட்டும் போதாது, அதை வீடு வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

எதிர்க்கட்சிக்குப் பதில்

'அதெல்லாம் சரிடா, 1991 இல்லேன்னா கேம்பஸ் இன்டர்வியூ ஏது? மொபைல் ஏது?' என்று எலக்ட்ரிக்கல் நண்பர் கேட்பார். நியாயமான கேள்வி. 1991 ஜூலையில் நரசிம்மராவ் ஆட்சியில் மன்மோகன் சிங் போட்ட பட்ஜெட் கதவைத் திறந்துவிட்டது உண்மை. ஆனால் நண்பா, கதவு திறந்தபோது யார் வாசலில் நின்றார்கள்? படித்தவர்கள். படிக்க வைத்தது எது? 1950-ம் 1951-ம். இன்டர்வியூவுக்குப் போக டிப்ளமோ வேண்டும், டிப்ளமோவுக்கு சீட் வேண்டும். அஸ்திவாரம் இல்லாமல் முதல் மாடி எழும்புமா? சிவில்காரனிடம் கேட்காதீர்கள், சிரிப்பான்!

'எமர்ஜென்சி?' 1975 ஜூன் 25-ல் உரிமைகளைப் பறித்தார்கள், பத்திரிகையின் வாயை அடைத்தார்கள். 1976 ஜனவரியில் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுத்த ஆட்சியையே கலைத்தார்கள். ஆனால் 1977 மார்ச்சில் என்ன நடந்தது? ரேபரேலியில் இந்திரா காந்தியே தோற்றார். எமர்ஜென்சிக்கு முற்றுப்புள்ளி வைத்தது அந்தச் சின்னச் சீட்டுத்தான். ஆக அதுவும் என் கட்சிக்கே சாட்சி.

'ஓட்டுக்குக் காசு வாங்குறாங்களே, அப்புறம் என்ன ஜனநாயகம்?' இதுதான் பெரிய கேள்வி, எல்லோரும் கேட்பது. வாங்குகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. வெட்கக்கேடுதான். ஆனால் ஒன்றை யோசியுங்கள். 1937-ல் எங்க தாத்தாவோட அப்பாவுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. ஏன்? அவர் ரொம்ப யோக்கியர் என்பதாலா? இல்லை, அவரிடம் ஓட்டு இல்லை! கார் போட்டுக்கொண்டு, கவரில் பணம் வைத்துக்கொண்டு ஒருத்தர் மலை ஏறி எங்க ஊர் வரைக்கும் வருகிறார் என்றால், அந்தச் சீட்டுக்கு அவர் எவ்வளவு பயப்படுகிறார் என்று அர்த்தம். விற்கிறவனுக்குத்தான் தன் பொருளின் மதிப்புத் தெரியவில்லை. வாங்குகிறவனுக்கு நன்றாகவே தெரிகிறது.

நம் முறை

தமிழ்நாட்டின் 234 சட்டமன்றத் தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே இரண்டு. ஏற்காடு ஒன்று, சேந்தமங்கலம் மற்றொன்று. 2011 கணக்குப்படி மாநிலம் முழுக்கப் பழங்குடிகள் எட்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. நூற்றுக்கு ஒருவர் என்று வையுங்கள். எண்ணிக்கையில் இவ்வளவு குறைந்தவர்களின் குரல் சபையில் கேட்க வேண்டும் என்று சட்டம் எழுதி வைத்தார்களே, அதுதான் 1950-ன் பெருமை. 2013 டிசம்பர் 4-ல் ஏற்காட்டில் இடைத்தேர்தல் வந்தபோது 'இவர்களில் யாரும் வேண்டாம்' என்ற நோட்டா பொத்தான் தமிழ்நாட்டிலேயே முதன்முறையாக எங்க தொகுதியில்தான் வந்தது. ஒரு காலத்தில் எங்களை ஒன்றுமே கேட்காத நாடு, 'யாருமே வேண்டாமா, அதையும் சொல்லு' என்று எங்களிடம் கேட்டது!

இன்னும் கேட்க வேண்டியது பாக்கி இருக்கிறது. மலைக் கிராமங்களின் ஊர்ச் சபைக்குக் கூடுதல் அதிகாரம் தரும் 1996 பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம் ஐந்தாவது அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டில் அப்படி அறிவிக்கப்பட்ட பகுதியே இல்லை, எனவே எங்க மலைக்கு அது பொருந்தாது. கையில் இருப்பது 2006 வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் உழுது வாழும் பழங்குடிக் குடும்பத்துக்கு, அனுபவத்தில் இருக்கும் நிலத்துக்கு, நாலு ஹெக்டேர் வரை உரிமை உண்டு. அந்த மனுவை முதலில் விசாரிப்பது யார் தெரியுமா? கிராம சபை! 1882-ல் கேட்காமல் எழுதியதற்கு, நூற்று இருபத்து நாலு ஆண்டு கழித்து, ஊரையே கூட்டிக் கேட்கும் சட்டம். ஆனால் கிராம சபைக்கு நாமே போகாவிட்டால்? மனு எழுதத் தெரிந்த நாமே எழுதித் தராவிட்டால்? நிலத்தை அளக்கத் தெரிந்த சிவில்காரன் ஊருக்கு வரைபடம் போட்டுத் தராவிட்டால்?

நண்பர்களே! 21 வயதாக இருந்த வாக்குரிமையை 61-வது திருத்தம் 1989-ல் 18 ஆக்கியது. அது நமக்காக வந்த திருத்தம். இந்த மலரைப் படிக்கும் உங்களில் பலர் இந்த ஆண்டு பதினெட்டைத் தொடுகிறீர்கள். படிவம் 6 என்று ஒன்று இருக்கிறது. பதினேழு முடிந்தாலே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று ஆண்டுக்கு நாலு தகுதித் தேதிகள். அரியர் எக்ஸாமுக்கு அப்ளிகேஷன் போடுகிற வேகத்தில் பாதி வேகம் காட்டினால் போதும்!

நீங்கள் போட்டாச்சா? அப்படியென்றால் உங்க ஊரில், உங்க தெருவில், கையெழுத்துப் போடத் தெரியாமல் தயங்கி நிற்கிற ஒருவருக்கு நீங்களே நிரப்பிக் கொடுங்கள். ஜாதிச் சான்றுக்காக ஆறு முறை நடக்கும் ஒரு அப்பாவோடு ஏழாவது முறை நீங்களும் கூடப் போங்கள். படித்த பையன் பக்கத்தில் நின்றால் 'அடுத்த வாரம் வா' என்ற வார்த்தை அவ்வளவு சுலபமாக வாயில் வராது.

வாளால் வந்தவர்கள் எங்க மலையை அளந்தார்கள், வாக்குச் சீட்டோடு வந்தவர்கள்தான் எங்களைக் கேட்டார்கள். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய முறை இப்போது நம்முடையது.

சிந்திப்போம்! பட்டியலில் பெயர் சேர்ப்போம்! வெல்க மாணவர் ஒற்றுமை!